ஜவ்வுப் பதம்: வீட்டில் பழக் கம்மி மிட்டாய்

ஒரு கிலோ பன்னீர் திராட்சை வாங்கினால் அதில் 800 கிராம் தண்ணீர். ஸ்ட்ராபெரியில் இன்னும் மோசம். 900 கிராமைத் தொட்டுவிடும். கடையில் வாங்கும் கம்மி மிட்டாயிலோ தண்ணீர் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும். இந்த அத்தியாயத்தில் நாம் செய்யப்போகும் வேலை முழுவதும் இந்த இரண்டு கணக்குக்கும் நடுவில் நடக்கிறது. பழத்திலிருந்து தண்ணீரைத் துரத்த வேண்டும். போகாமல் அடம்பிடிக்கும் மிச்சத் தண்ணீரைக் கட்டிப்போட வேண்டும்.

முதல் தடவை செய்பவர்கள் துரத்துவதை விட்டுவிட்டுக் கட்டிப்போடுவதிலேயே குறியாக இருப்பார்கள். பழத்தை மிக்ஸியில் அடித்து, ஜெலட்டினைக் கலந்து, அச்சில் ஊற்றி, ஃபிரிட்ஜில் வைப்பார்கள். தளதளவென்று ஜெல்லி வரும். அதுவும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் கடித்தால் பல்லில் இழுபடாது. நமக்கு வேண்டியது அந்த இழுபடல். திருவிழாவில் மூங்கில் கம்பின் உச்சியில் பொம்மையைக் கட்டிக்கொண்டு வருபவர், நம் மணிக்கட்டில் கடிகாரமாகச் சுற்றிவிடுவாரே, அந்த ஜவ்வு மிட்டாயின் தூரத்து உறவு இது. தமிழில் ‘கம்மி’ என்றால் குறைவு என்று பொருள்படுவது தற்செயல்தான். இருந்தாலும் நினைவில் வைத்துக்கொள்ள வசதி: தண்ணீர் கம்மியானால்தான் கம்மி.

அந்தப் பெயர் உண்மையில் ஜெர்மன் மொழியிலிருந்து வந்தது. அங்கே ‘கும்மி’ என்றால் ரப்பர். பான் நகரத்தில் ஹான்ஸ் ரீகல் என்பவர் 1920-இல் தொடங்கிய நிறுவனம்தான் ஹரிபோ. அவர் பெயரின் முதல் எழுத்துகளையும் ஊர்ப் பெயரின் முதல் எழுத்துகளையும் சேர்த்து வைத்த பெயர். 1922-இல் அவர் கரடி உருவத்தில் மிட்டாய் வார்த்தார். இன்று உலகம் முழுவதும் கரடி பொம்மை வடிவில் கிடைப்பதெல்லாம் அதன் வழித்தோன்றல்கள். பழக்கூழை வற்றவைத்துத் தின்பண்டமாக்கும் வித்தை மட்டும் நமக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணத்தில் பனம்பழக் களியைப் பாயில் பரப்பி வெயிலில் காயவைத்துப் பனாட்டு செய்கிறார்கள். அடுப்பும் இல்லை, ஜெலட்டினும் இல்லை. வெயில் தண்ணீரைத் துரத்துகிறது. பழத்தின் நாரும் சர்க்கரையும் மிச்சத்தைக் கட்டிப்போடுகின்றன.

எந்தப் பழம்

வெளிநாட்டு சமையல் புத்தகங்களைப் பார்த்துவிட்டு நேரே புளுபெரி வாங்க ஓட வேண்டாம். கைக்கு அடங்கும் ஒரு சின்ன டப்பாவுக்கு அவர்கள் கேட்கும் காசில் இரண்டு கிலோ பன்னீர் திராட்சை வரும். காய்ச்சியபின் மணத்தில் திராட்சையே ஜெயிக்கும் என்பது என் கட்சி. தாவரவியல்காரர்களைக் கேட்டால் திராட்சைதான் அசல் பெர்ரி என்பார்கள். தக்காளியையும் கத்தரிக்காயையும்கூட அந்தக் கணக்கில் சேர்ப்பார்கள். பெயரிலேயே பெர்ரியை வைத்திருக்கும் ஸ்ட்ராபெரியும் மல்பெரியும் அவர்கள் பட்டியலில் இல்லை. அந்தச் சண்டை நமக்கு வேண்டாம். நிறம், புளிப்பு, மணம் மூன்றும் உள்ள சின்னப் பழம் எதுவானாலும் சரி.

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கறுப்பு நிறம், தோலில் அடர்ந்த சாயம், விதை, லேசான ரோஜா வாசனை. கம்மிக்கு இதைவிடப் பொருத்தமான பழம் நம் சந்தையில் இல்லை. விதையில்லாப் பச்சைத் திராட்சையை வாங்கினால் வெளிறிய, மணமற்ற மிட்டாய்தான் வரும்.

ஸ்ட்ராபெரி, குளிர்காலம் தொடங்கி மார்ச் வரை நன்றாக வரும். மகாபலேஷ்வர்ப் பழம் நகரக் கடைகளுக்கு வரும். கொடைக்கானலுக்கோ ஊட்டிக்கோ போனால் தோட்டத்திலேயே வாங்கலாம். உள்ளே வெள்ளையாக இருக்கும் பெரிய பழத்தைவிட, முழுக்கச் சிவந்து சற்றுத் தொய்ந்த சின்னப் பழம் நமக்கு உகந்தது, விலையும் குறைவு. மல்பெரி, அதாவது முசுக்கொட்டைப் பழம், கிருஷ்ணகிரி, தருமபுரி, உடுமலைப் பக்கம் பட்டுப்புழு வளர்ப்பவர்களின் தோட்டத்தில் கிடைக்கும். அவர்களுக்கு வேண்டியது இலை. பழம் குருவிக்கும் பிள்ளைகளுக்கும் போகும். பறித்த அன்றே சமைத்துவிட வேண்டும். மறுநாள் வரை தாங்காது. ஆனி, ஆடியில் நாவல். அதற்கு ஒரு தனிக்குணம் உண்டு, பிறகு சொல்கிறேன். உறையவைத்த கலவைப் பெர்ரிப் பொட்டலம் கிடைத்தாலும் தயங்காமல் வாங்கலாம். உறையும்போது பழத்தின் செல்கள் உடைந்துவிடுவதால் சாறு எளிதாக இறங்கும்.

வற்றவைத்தல்

இந்த ஒரு வேலைக்கு நேரம் கொடுங்கள். மற்றதெல்லாம் தானாக வரும்.

அகலமான, அடி கனத்த எவர்சில்வர் பாத்திரம் வேண்டும். இரும்பு வாணலி கூடாது. இந்தப் பழங்களின் சிவப்பு, ஊதா நிறமிகள் இரும்போடு சேர்ந்தால் மை போலக் கறுத்துப்போகும். ஈயம் பூசாத பித்தளையும் புளிப்புப் பழத்துக்கு ஆகாது. சமையலறைத் தராசு ஒன்றும் கட்டாயம். வெறும் பாத்திரத்தை முதலில் எடைபோட்டு, அந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதி அடுப்புப் பக்கம் ஒட்டிவையுங்கள். கம்மி செய்பவருக்குக் கடிகாரத்தைவிடத் தராசுதான் உதவும். “20 நிமிடம் காய்ச்சவும்” என்று எழுதும் சமையல் குறிப்புகளை நான் நம்புவதில்லை. உங்கள் அடுப்பு, உங்கள் பாத்திரத்தின் அகலம், பழத்தின் ஈரம் எதுவும் அதை எழுதியவருக்குத் தெரியாது. எடைக்கு இதெல்லாம் ஒன்றுதான்.

700 கிராம் திராட்சை எடுத்தால், ஒரு கைப்பிடியைத் தனியே வைத்து, மீதியைக் கழுவி, கால் தம்ளர் தண்ணீரோடு பாத்திரத்தில் போடுங்கள். மூடிவைத்துச் சிறு தீயில் வேகட்டும். பத்து நிமிடத்தில் தோல் வெடித்து, சாறு இறங்கி, அடர்ந்த ஊதா நிறமாகிவிடும். மத்தால் மசியுங்கள். மிக்ஸியில் போட்டால் விதை உடைந்து கசக்கும். பிறகு சூப் வடிகட்டியில் ஊற்றிக் கரண்டியால் அழுத்தித் தேய்த்தால் விதையும் தோல் சக்கையும் மேலே நிற்கும். ஸ்ட்ராபெரிக்கு இந்தத் தொல்லை இல்லை. காம்பைக் கிள்ளி நேரே மிக்ஸியில் அடிக்கலாம்.

வடிகட்டிய கூழை மறுபடி பாத்திரத்தில் ஊற்றி, மூடாமல், நடுத்தரத் தீயில் வைத்துக் கிண்டுங்கள். பாத்திர எடையைக் கழித்தால் 200 கிராம் வரும்வரை வற்ற வேண்டும். கடைசியில் குமிழிகள் கனத்து, ‘ப்ளக் ப்ளக்’ என்று தெறிக்கும். அப்போது தீயைக் குறைத்துவிட்டுப் பக்கத்திலேயே நில்லுங்கள். அடிபிடித்தால் அந்தக் கருகல் வாசனையை எந்த எலுமிச்சையும் மறைக்காது.

காய்ச்சினால் பழத்தின் பச்சை வாசனை ஆவியோடு போய்விடும். அதற்குத்தான் அந்தக் கைப்பிடிப் பழத்தைத் தனியே வைக்கச் சொன்னேன். அதைக் காய்ச்சாமல் பிழிந்து வடிகட்டினால் ஏறக்குறைய 60 மில்லி சாறு வரும். கடைசிக் கட்டத்தில் அதுதான் போன மணத்தைத் திருப்பிக் கொண்டுவரும்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. திராட்சை, நாவல், மல்பெரி மூன்றின் சாயமும் புளிப்பு ஏறினால் சிவக்கும், இறங்கினால் நீலம் பூக்கும். கூழ் மங்கிய ஊதாவாக இருந்தால் எலுமிச்சைச் சாறு ஒரு மேசைக்கரண்டி விடுங்கள். கண்ணெதிரே பளிச்சென்று சிவக்கும். வேடிக்கை பார்க்க விரும்பும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், இரண்டு கரண்டிச் சாற்றைத் தனிக் கிண்ணத்தில் எடுத்துச் சிட்டிகைச் சோடா உப்பு போட்டுக் காட்டலாம். அதைத் தின்னக் கொடுக்க வேண்டாம், சோப்பு மாதிரி இருக்கும். கருப்பட்டி போட்டுச் செய்தால் உடம்புக்கு நல்லது என்று சிலர் கேட்பார்கள். செய்யலாம். ஆனால் பழத்தின் நிறம் கருப்பட்டியின் பழுப்பில் அமுங்கிப்போகும், வாசனையும் அப்படியே. கருப்பட்டி மிட்டாய் வேண்டுமானால் அதைத் தனியாகவே செய்யுங்கள்.

ஜெலட்டின் வழி

அசல் ஜவ்வுக்கு ஜெலட்டின்தான். முதன்முதலில் இதை வாங்க எங்கள் தெருக் கடைக்குப் போனபோது நடந்தது: “அண்ணே, ஜெலட்டின் இருக்கா?” “எதுக்கும்மா, கிணறு வெட்டவா?” அவர் மேல் தப்பில்லை. நம் ஊரில் அந்தப் பெயர் செய்தித்தாளில் வருவதெல்லாம் ஜெலட்டின் குச்சி பறிமுதலானால்தான். நமக்கு வேண்டியது கேக் பொருட்கள் விற்கும் கடையில் கிடைக்கும் உணவு ஜெலட்டின் தூள்.

அது மாடு, பன்றி, மீன் ஆகியவற்றின் தோலிலும் எலும்பிலும் இருக்கும் கொலாஜன் புரதத்திலிருந்து எடுப்பது. ஆகையால் சைவர்களுக்கு ஆகாது, பொட்டலத்தில் பச்சைக் குறி இருக்காது. எந்த விலங்கு என்பதையும் ஹலால் முத்திரையையும் பார்த்து வாங்குங்கள். விருந்தினருக்குக் கொடுக்கும்போது சொல்லிவிட்டுக் கொடுங்கள். “பழத்தில் செய்ததுதானே” என்று நம்பித் தின்றுவிட்டுப் பிறகு தெரிந்துகொள்ளும் சைவர் முகத்தை நான் ஒரு தடவை பார்த்திருக்கிறேன், போதும்.

அளவு இது: வற்றிய கூழ் 200 கிராம், காய்ச்சாத சாறு 60 மில்லி, சர்க்கரை 70 கிராம், எலுமிச்சைச் சாறு ஒரு மேசைக்கரண்டி, ஜெலட்டின் 30 கிராம். ஸ்ட்ராபெரியானால் சர்க்கரையை 100 கிராமாக்குங்கள். ஜெலட்டின் அதிகம் என்று தோன்றும். சாதாரண ஜெல்லிக்கு ஆவதைப்போல் மூன்று நான்கு மடங்கு. குறைத்தால் ஜவ்வு வராது.

குளிர்ந்த சாற்றை ஓர் அகலக் கிண்ணத்தில் ஊற்றி, ஜெலட்டினைத் தூவுங்கள். குவியலாகக் கொட்டினால் வெளிப்பக்கம் ஊறி உள்ளே காய்ந்த கட்டியாக நிற்கும், பிறகு எதற்கும் கரையாது. பத்து நிமிடத்தில் ஈரமணல் போலப் பொங்கி நிற்கும். இன்னொரு பக்கம் கூழில் சர்க்கரையைக் கரைத்து, கொதி அடங்கவிட்டு, அடுப்பை அணைத்தபின் ஊறிய ஜெலட்டினைச் சேர்த்து மெதுவாகக் கலக்குங்கள். 60 டிகிரிச் சூடு போதும். விரல் வைத்தால் உடனே எடுக்கத் தோன்றும், ஆனால் ஆவி சீறாது. ஜெலட்டின் சேர்த்தபின் கொதிக்கவிட்டால் அதன் பிடிப்பு குறையும். எலுமிச்சையைக் கடைசியில் விடுங்கள். ருசி பார்த்தால் சற்றுத் தித்திப்பு தூக்கலாக இருக்க வேண்டும். குளிர்ந்தபின் நாக்குக்கு இனிப்பு குறைவாகத்தான் தெரியும்.

கலக்கியதும் மேலே வெள்ளை நுரை கட்டும். அவசரப்பட்டு ஊற்றினால் மிட்டாய்க்கு முக்காடு போட்டதுபோல் இருக்கும். பாத்திரத்தை வெந்நீரில் பத்து நிமிடம் உட்காரவைத்து, நுரையை வழித்து எடுத்துவிட்டு ஊற்றுங்கள். சின்ன அச்சானால் கெட்சப் பாட்டில் நல்ல துணை. ஃபிரிட்ஜில் மூன்று மணி நேரம்.

இத்தோடு நின்றால் உங்களிடம் இருப்பது கெட்டியான ஜெல்லிதான். அச்சிலிருந்து எடுத்து, கம்பித் தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, மூடாமல் ஃபிரிட்ஜிலேயே ஒன்றிரண்டு நாள் வையுங்கள். பூண்டு, கருவாடு எதுவும் பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜின் உலர்ந்த காற்று ஈரத்தை உறிஞ்சும். மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததும் ஒன்றைக் கடித்துப் பாருங்கள். அதுதான் ஜவ்வுப் பதம். அப்போதும் அதில் தண்ணீர் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாது. அதனால் கடை மிட்டாய் மாதிரி அலமாரியில் வைக்க முடியாது. ஃபிரிட்ஜில் மூடிய டப்பாவில் பத்து நாள் வரை.

பப்பாளி, அன்னாசி, அத்தி, கிவி, இஞ்சி இவற்றில் எதையும் பச்சையாக இதில் சேர்க்காதீர்கள். அவற்றிலுள்ள நொதிகள் புரதத்தை வெட்டும்; இறைச்சி மெத்தென்று வேக நாம் பப்பாளிக்காயைச் சேர்ப்பது அதற்காகத்தானே. ஜெலட்டினும் புரதம். இரவெல்லாம் வைத்தாலும் கட்டாது. கொதிக்கவைத்துச் சேர்த்தால் தொல்லையில்லை. நாவல் பழத்தின் தனிக்குணம் என்றேனே, அதுவும் புரதம் சம்பந்தப்பட்டதுதான். நாக்கைப் பிடிக்கும் அதன் துவர்ப்பு, ஜெலட்டினையும் பிடித்துக்கொள்ளும். கலவை தெளிவிழந்து, திரிதிரியாகப் போகலாம். நாவலுக்குக் கடல்பாசியே சரி.

ஜெலட்டினுக்கு இன்னொரு பலவீனம் வெயில். ஒரு மே மாதம், அக்காள் மகளின் பிறந்தநாளுக்கு இரண்டு டப்பா ஸ்ட்ராபெரிக் கம்மியைச் செய்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வேலூர் போனேன். திறந்தபோது டப்பாவில் சிவப்பு ரசம். 35 டிகிரியை ஒட்டி ஜெலட்டின் உருகிவிடும். வாயில் போட்டால் கரையும் அந்தச் சுகத்துக்கும், வேலூர் வெயிலில் நான் பட்ட அவமானத்துக்கும் காரணம் ஒன்றே.

கடல்பாசி வழி

இதே தொல்லை 1881-இல் பெர்லினில் ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்திலும் இருந்தது. கிருமிகளை வளர்க்க அவர்கள் ஜெலட்டினைத்தான் பயன்படுத்தினார்கள். கோடையில் உருகிவிடும், சில கிருமிகள் ஜெலட்டினையே தின்று திரவமாக்கிவிடும். அங்கே வேலை பார்த்த வால்தர் ஹெஸ்ஸே இதைச் சொல்லிப் புலம்ப, அவர் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, “நான் ஜெல்லிக்குப் போடும் அகரைப் போட்டுப் பாருங்களேன்” என்கிற யோசனையைக் கொடுத்தார். ஜாவாவில் வாழ்ந்துவிட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரர்களிடமிருந்து அவர் கற்றுக்கொண்ட சமையல் பொருள் அது. இன்றுவரை உலகத்துக் கிருமி ஆய்வுக்கூடங்கள் அகரில்தான் நடக்கின்றன. கோக் எழுதிய கட்டுரையில் அந்த அம்மாள் பெயர் இல்லை.

அகர் என்பதும் சைனா கிராஸ் என்பதும் நம் கடல்பாசிதான். நோன்புக் காலத்தில் முஸ்லிம் வீடுகளில் பாலோடு காய்ச்சித் துண்டு போடுவார்களே, மதுரை ஜிகர்தண்டாவில் நழுவுமே, அது. மன்னார் வளைகுடாவில் ராமநாதபுரம் மாவட்டத்துப் பெண்கள் முங்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் அகருக்குத்தான் போகின்றன. ஜிகர்தண்டாவில் கூடவே வரும் பாதாம் பிசினைக் கடல்பாசி என்று நினைத்து இதில் போட்டுவிடாதீர்கள். அது ஊறிப் பெருகுமே தவிர உறையாது.

கடல்பாசிக்கு ஒரு விசித்திரம் உண்டு. உறைவது 40 டிகிரிக்குக் கீழே, ஆனால் உறைந்தபின் மறுபடி உருக 85 டிகிரியாவது வேண்டும். சென்னை மே மாதம் அதை ஒன்றும் செய்ய முடியாது. ஈடாக ஜவ்வை இழக்கிறோம். கடல்பாசி இழுபடாது, ‘டப்’பென்று உடையும். இதை ஜெலட்டின் மாதிரி ஆக்கப் பார்ப்பவர்கள் ஏமாந்துதான் போவார்கள். அதன் போக்கிலேயே விட்டு, வேறொரு மிட்டாயாகச் செய்வது புத்தி. ஜப்பானியர் கோஹாகுதோ என்று செய்வது அப்படித்தான்: வெளியே சர்க்கரை ஓடு மொறுமொறுக்கும், உள்ளே மெத்தென்றிருக்கும்.

நாவல் பழம் அரைக் கிலோவை, மூழ்கும் அளவு தண்ணீரில் வேகவைத்து, கொட்டை நீக்கி, வடிகட்டி, 100 கிராம் கெட்டிக் கூழாக வற்றவையுங்கள். கடல்பாசி இழையானால் 10 கிராம், அரை மணி ஊறட்டும். தூளானால் 5 கிராம். 200 மில்லி தண்ணீரில் அதைக் கொதிக்கவிட்டு, ஓர் இழைகூடக் கண்ணுக்குத் தெரியாதபடி கரையுங்கள். கரையும்முன் சர்க்கரையைப் போட்டால் பிறகு கரையவே கரையாது. கரைந்ததும் 250 கிராம் சர்க்கரை. கரண்டியைத் தூக்கினால் கனத்த நூலாக இறங்கும்வரை கொதிக்கட்டும். இறக்கிவைத்து, சூடான கூழைக் கலக்குங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ந்த கூழைக் கொட்டினால் பட்ட இடத்திலேயே திரிதிரியாக உறைந்துவிடும். எலுமிச்சை கடைசியில்தான், புளிப்போடு சேர்த்துக் கொதிக்கவைத்தால் கடல்பாசி வலுவிழக்கும்.

விரற்கடை உயரத்துக்குத் தட்டில் ஊற்றினால் வெளியிலேயே 40 நிமிடத்தில் உறையும். கத்தியால் வெட்டலாம். கையால் கோணல்மாணலாகப் பிய்த்தால் கல்லுடைத்த மாதிரி அழகாக இருக்கும். பட்டர் பேப்பரில் பரப்பி, மின்விசிறிக்கடியில் மூன்று நான்கு நாள், தினம் ஒரு தடவை புரட்டுங்கள். சர்க்கரை வெளியே பூத்து ஓடு கட்டும். ஐப்பசி மழையில் இதைத் தொடங்காதீர்கள். ஓடு கட்டுவதற்குப் பதில் வியர்த்துக் கொண்டேயிருக்கும்.

பெக்டின் வழி

சைவமாகவும் இருக்க வேண்டும், கடிக்கும்போது பல்லும் பதிய வேண்டும் என்பவர்களுக்குப் பெக்டின். பழத்தோலிலும் சதையிலும் இயற்கையாகவே இருப்பது. ஜாம் கெட்டியாவது இதனால்தான். களாக்காயில் இது மிக அதிகம், கொய்யாவிலும் விளாம்பழத்திலும் நிறைய, ஸ்ட்ராபெரியில் குறைவு. ஸ்ட்ராபெரியோடு காற்பங்கு களாக்காய்க் கூழைச் சேர்த்தால் நிறமும் புளிப்பும் பிடிப்பும் ஒரே அடியில் வந்துவிடும். களாக்காய் கிடைக்காதவர்கள் ஜாமுக்கான பெக்டின் தூள் வாங்கிக்கொள்ளலாம். “சர்க்கரை குறைவான ஜாமுக்கு” என்று விற்பது வேறு ரகம். அது சுண்ணாம்புச் சத்தைக் கொண்டு கட்டுவது, இந்தக் கணக்கு அதற்குச் சேராது.

சாதாரணப் பெக்டின் கட்ட இரண்டு நிபந்தனை: நிறையச் சர்க்கரை, நல்ல புளிப்பு. ஒன்று குறைந்தாலும் பாகாகவே நிற்கும். ஆகவே சர்க்கரையைக் குறைத்துச் செய்யலாமா என்ற கேள்விக்கு இங்கே இடமில்லை. குறைக்க விரும்புபவர்கள் ஜெலட்டினுக்கே போய்விட வேண்டும்.

வற்றவைக்காத பழக்கூழ் 500 கிராம், சர்க்கரை 500 கிராம், பெக்டின் 12 கிராம். பெக்டினை முதலில் 50 கிராம் சர்க்கரையோடு நன்றாகக் கலந்து, இளஞ்சூடான கூழில் தூவிக் கிண்டுங்கள். தனியாகப் போட்டால் கட்டிகட்டியாகும். கொதித்ததும் மீதிச் சர்க்கரையை மூன்று தவணையாகச் சேர்த்து, கைவிடாமல் கிண்டுங்கள். 107 டிகிரி வந்ததும் இறக்க வேண்டும் என்பது புத்தகக் கணக்கு. ஆனால் அந்தக் கணக்கு கடலோரத்துக்கு எழுதியது. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; அங்கே வெறும் தண்ணீரே 93 டிகிரியை ஒட்டிக் கொதித்துவிடும். தோட்டத்தில் ஸ்ட்ராபெரி வாங்கி அங்கேயே தங்கிச் செய்பவர் 107-க்குக் காத்திருந்தால், கடைசியில் கிடைப்பது கல்லு மிட்டாய். எந்த ஊரானாலும் முதலில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்து வெப்பமானியில் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். அதற்குமேல் 7 டிகிரி, அவ்வளவுதான்.

வெப்பமானி இல்லையா? தராசு இருக்கிறதே. நாம் போட்டது மொத்தம் 1,012 கிராம். பாத்திரத்தைக் கழித்து 750 கிராமுக்கு வந்துவிட்டால் முக்கால் பங்கு சர்க்கரையும் பழச்சத்தும், கால் பங்கு தண்ணீர். அதுதான் பதம். இறக்கியதும் 7 கிராம் சிட்ரிக் அமிலத்தை, அதாவது எலுமிச்சை உப்பை, அதே அளவு வெந்நீரில் கரைத்து ஊற்றி, ஒரே கலக்கு, உடனே தட்டில் சாய்த்துவிடுங்கள். புளிப்பு பட்ட நிமிடத்திலிருந்து கட்டத் தொடங்கும். தொலைபேசி அடித்தால் எடுக்காதீர்கள். ஒரு நாள் முழுக்க வெளியிலேயே வைத்து மறுநாள் வெட்டுங்கள். மூன்று வழிகளில் இதுதான் நெடுநாள் தாங்குவது. காற்றுப் புகாத டப்பாவில் சில வாரம் வெளியிலேயே இருக்கும்.

அச்சு, எண்ணெய், சர்க்கரை

சிலிகோன் அச்சு இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் கண்ணாடித் தட்டும் கத்தியும் போதும். தொழிற்சாலைகளில் சோளமாவுத் தட்டில் குழி அமுக்கி அதில்தான் வார்ப்பார்கள். வீட்டுக் கலவையில் தண்ணீர் அதிகம், மாவோடு சேர்ந்து கூழாகும். அந்த ஆசை வேண்டாம். அச்சில் எண்ணெய் தடவுபவர்கள் தேங்காய் எண்ணெயைத் தவிருங்கள். ஃபிரிட்ஜில் அது உறைந்து மிட்டாய் மேல் வெள்ளைத் திட்டாக நிற்கும். மணமில்லாத சூரியகாந்தி எண்ணெய், அதுவும் துணியில் தொட்டுத் துடைத்த அளவு.

மேலே சர்க்கரை தூவுவதை ஜெலட்டின் கம்மி நன்றாக உலர்ந்தபின் செய்யுங்கள். ஈரத்தில் தூவினால் சர்க்கரை உள்ளேயிருக்கும் தண்ணீரை வெளியே இழுத்து, அரை மணியில் பாகில் மிதக்கும். 100 கிராம் சர்க்கரைக்கு ஒரு தேக்கரண்டி எலுமிச்சை உப்பு கலந்தால் பிள்ளைகள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தின்னும் புளிப்பு வரும். நாலு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முழுசாகக் கொடுக்காதீர்கள். ஜவ்வு வழுக்கித் தொண்டையில் அடைக்கக்கூடும். மெல்லிய கீற்றாக நறுக்கிப் பக்கத்தில் உட்கார்ந்து கொடுங்கள். ஒரு வயது ஆகாத குழந்தை இருக்கும் வீட்டில் சர்க்கரைக்குப் பதில் தேன் சேர்த்துச் செய்தால், அதை அந்தக் குழந்தை நாக்கில் வைத்துவிட வேண்டாம்.

சரியாக வராவிட்டால்

ஜெலட்டின் கம்மி தொய்ந்து போனால் வெந்நீரில் பாத்திரத்தை வைத்து உருக்கி, இன்னும் 5 கிராம் ஜெலட்டினைக் கொஞ்சம் குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்துச் சேர்த்து மறுபடி ஊற்றலாம். என் வேலூர் ரசம் அப்படித்தான் மறுநாள் மிட்டாயானது. கடல்பாசி மிட்டாய் மண்ணாக உதிர்ந்தால் பாசி அதிகம். சற்றுத் தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து மறுபடி வார்க்கலாம். பெக்டின் மட்டும் ஒருமுறை முறையாகக் கட்டியபின் உருக்கினால் பழையபடி கட்டுவது சந்தேகம். கட்டாமலே நின்றுவிட்டால் முதலில் எடையைப் பாருங்கள், 750-க்கு மேல் இருந்தால் இன்னும் காய்ச்சுங்கள். எடை சரியாக இருந்தும் கட்டவில்லை என்றால் புளிப்பு போதவில்லை. சூடாக்கி இன்னும் இரண்டு கிராம் எலுமிச்சை உப்பு. அதற்கும் மசியாவிட்டால் பாட்டிலில் ஊற்றி மூடிவிடுங்கள். காலையில் தோசைக்கு ஜாம்.